முழவோருள் முதல்வர் யார்?

இசையரங்குகளை நாடிச் செல்வோரிடையே அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. மிருதங்கத்தில் தலைசிறந்தவர் பாலக்காடு மணி ஐயரா, பழனி சுப்பிரமணிய பிள்ளையா என்பதே அது. மணி ஐயர் 1981-இல் மறைந்தார். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் முன்னரே, 1962-இல், பழனியார் மறைந்துவிட்டார். உரியவர் இருவரும் மறைந்த பின்னரும் வழக்கு மட்டும் ஓயவில்லை. இவ்விருவரோடு இராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதியையும் (1914–1998) சேர்த்து, மூவரும் மும்மூர்த்திகள் என்று கூறிச் சமாதானம் செய்ய முயல்வாரும் உளர். மூவரையும் ஒரே பீடத்தில் அமர்த்திவிட்டால் எவரையும் ஆராய வேண்டிய தொல்லை இல்லையன்றோ!

இவ்வாதத்தை வீண்பேச்சு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஒரு கலையில் யார் பெரியவர் என்று கேட்கும்போதே, அக்கலையில் எது பெரிது என்னும் கேள்வியும் உள்ளே அடங்கிவிடுகிறது. எவரைச் சிறந்தவர் என்று ஆசிரியர் சுட்டுகின்றாரோ அவரையே மாணவன் பின்பற்றுவான். எந்தக் காரணத்தால் சிறந்தவர் என்கின்றாரோ அந்தத் திறனையே வளர்த்துக்கொள்வான். ஆகவே விடையைக் காட்டிலும், விடைக்குக் கூறப்படும் காரணத்தை ஆராய்தல் தகும்.

வழக்காடுவோர் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது தனி ஆவர்த்தனத்தை. பாட்டு நின்று, பிடிலும் நின்று, முழவு ஒன்றே அரங்கை ஆளும் அந்தப் பகுதியே அவர்களுக்கு வழக்குமன்றம். அங்கே வாசித்த கோர்வை எத்தகையது, எந்த நடையில் எடுத்தார், எத்தனை ஆவர்த்தனம் சென்று எவ்விடத்தில் முடித்தார் என்பனவே சான்றுகள். இதற்கு ஒரு காரணம் உண்டு. கணக்கைத் தாளில் எழுதிக் காட்டலாம். விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கலாம். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் 8 எண்ணிக்கை. சதுச்ர நடையில் எண்ணிக்கை ஒன்றுக்கு 4 மாத்திரையாக 32 மாத்திரை. 10 மாத்திரை கொண்ட சொற்கட்டு ஒன்றை மும்முறை வாசித்து, அவற்றின் இடையே இரண்டு இடங்களில் ஒவ்வொரு மாத்திரை விட்டால் 32 நிரம்பும். சமத்தில் எடுத்தது சமத்திலேயே வந்து விழும். இதனைக் கேட்டு வியப்பவர் பலர். ஆயினும் இது கூட்டலும் பெருக்கலும் அறிந்த எந்த மாணவனும் ஒரு மாலைப்பொழுதில் அமைத்துவிடக் கூடியது. மிகக் கடினமான கோர்வைகளும் இவ்வழியின் விரிவுகளே. கணக்குப் பிழையாமை முழவோனுக்கு இன்றியமையாதது. எழுத்துப் பிழையாமை கவிஞனுக்கு இன்றியமையாதது போல. எழுத்துப் பிழையின்றி எழுதுகின்றார் என்பதற்காக ஒருவரை மகாகவி என்று எவரும் கொண்டாடுவதில்லை.

இந்த இடத்தில் தமிழ் மாணவர்க்குத் துணையாக வருவது சிலப்பதிகாரம். அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்குத் துணைநிற்கும் கலைஞர்களின் தகுதிகளை இளங்கோவடிகள் வரிசையாகக் கூறுகின்றார். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன் ஆகியோரை அடுத்து, குழலோனுக்கும் யாழோனுக்கும் முன்பாகவே தண்ணுமையாசிரியன் வைக்கப்படுகின்றான். அவனுக்கு வேண்டிய அறிவாக அடிகள் கூறுவனவற்றுள் தாளம் ஒரு பகுதியே. ஆடலையும் பாடலையும் அவன் அறிந்திருக்க வேண்டும். பண்ணையும் தமிழையும் அறிந்திருக்க வேண்டும். யாழும் குழலும் மிடறும் எவ்வாறு இசைந்து செல்கின்றன என்பதைக் கேட்டு, அதற்கேற்பத் தன் விரலைச் செலுத்த வேண்டும். குறைவதை நிரப்பவும் மிகுவதை அடக்கவும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வாறு செய்யும்போதும் தன் செயல் அளவிறந்து தோன்றாதவாறு காக்க வேண்டும். தனியே வாசித்து அரங்கை வெல்லும் ஆற்றல் இவ்விலக்கணத்தில் இடம்பெறவில்லை. முழவோனின் முதல் தொழில் கேட்டல். அதன் பின்னரே கொட்டல்.

அதே பகுதிக்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை உத்தமம், மத்திமம், அதமம் என வகுத்துச் செல்கின்றார். மத்தளம், இடக்கை, பேரிகை, படகம், குடமுழா முதலியன அகமுழவாகிய உத்தமக் கருவிகள். தண்ணுமையோ தக்கை முதலியவற்றோடு சேர்ந்து மத்திமத்தில் நிற்கிறது. அடிகள் இத்துணை உயர்வாகப் போற்றிய கலைஞனின் கையிலிருந்த கருவி, உரையாசிரியரின் வரிசையில் இரண்டாம் படியில்தான் இருக்கிறது! கருவியை வரிசைப்படுத்துவது வேறு, கலைஞனை அளப்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இச்செய்தி பின்னர்த் தவிலைப் பற்றிய வழக்கில் பயன்படும்.

இளங்கோவடிகளின் அளவுகோலைக் கொண்டு முதலில் மணி ஐயரை அணுகலாம். 1912-இல் பிறந்து, இளமையிலேயே செம்பை வைத்தியநாத பாகவதரால் சென்னை அரங்குகளுக்கு அழைத்துவரப்பட்டவர் அவர். தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயின்று தேர்ந்தவர். அவருடைய பெருமை, பாட்டின் உருவத்தை மிருதங்கத்தில் கொண்டுவந்ததில் இருக்கிறது. கீர்த்தனையின் சங்கதி எங்கே ஏறுகிறது, சாகித்தியம் எங்கே நிற்கிறது, அரை இடத்திலும் முக்கால் இடத்திலும் எடுப்பு எவ்வாறு அமைகிறது என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரிந்திருந்தன. பாடகர் கீழ்த்தாயியில் இறங்கும்போது வலந்தலையின் நாதத்தை மெலிவித்து, தொப்பியில் ஒரு கும்கியை மட்டும் உருட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் அடக்கம் அவருடைய வாசிப்பில் உண்டு. அரியக்குடி இராமானுஜ ஐயங்காரின் (1890–1967) மத்தியமகாலப் பாட்டுக்கு அவர் வாசித்துள்ள பதிவுகளைக் கேட்போர், தனி ஆவர்த்தனம் வரும்வரை காத்திராமல் முதற் கீர்த்தனையிலிருந்தே செவிகொடுத்தால் இதனை உணர்வர். நிரப்புதலும் அடக்குதலும் என்று காப்பியம் கூறுவது அங்கே கேட்கிறது.

பிற்காலத்தில் அவர் ஒலிபெருக்கியை வெறுத்தார். அஃதின்றியே கச்சேரி நடைபெற வேண்டும் என்று வற்புறுத்தினார். இதனைப் பிடிவாதம் என்று கூறியவர்கள் உண்டு. ஆனால் அவருடைய கலையை அறிந்தோர்க்கு இதன் காரணம் விளங்கும். மிருதங்கத்தின் மெல்லோசைக்கும் வல்லோசைக்கும் இடையேயுள்ள நுண்ணிய படிகளையெல்லாம் ஒலிபெருக்கி ஒரே உரப்பாக்கிவிடுகிறது. அடக்கத் தெரிந்தவனின் அடக்கம் அதில் கேளாது போய்விடும். அவருடைய போக்கில் ஒப்புக்கொள்ள இயலாதனவும் உண்டு. பெண் பாடகர்களுக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் ஒதுங்கியிருந்தமை அவற்றுள் தலையாயது; பின்னாளில் டி. கே. பட்டம்மாளுக்கு வாசித்து அந்த வழக்கத்தை அவரே கைவிட்டார். மிடற்றின் இசைவைக் கேட்க வேண்டிய கலைஞர் சில மிடறுகளுக்குச் செவி அடைத்திருந்தார் என்பது அவருடைய அடியார்கள் விரும்பிப் பேசும் செய்தி அன்று.

பழனி சுப்பிரமணிய பிள்ளையின் கலை வேறு மரபில் வேரூன்றியது. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி அரங்குக்குரிய கருவியாக்கியவர். அவருடைய மாணவர் பழனி முத்தையா பிள்ளை. முத்தையா பிள்ளையின் மகனே சுப்பிரமணிய பிள்ளை. சொற்களின் தெளிவு, தொப்பியின் கனிந்த நாதம், லயத்தில் அசையாத நிலைப்பு ஆகியவை இவருடைய அடையாளங்கள். எத்துணை விரைவிலும் ஒரு சொல் மற்றொரு சொல்லின்மேல் விழுவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி மணியாய் ஒலிக்கும். புதுக்கோட்டை மரபென்றாலே கணக்கு என்று கருதுவோர், பழனியாரின் கணக்கில் இருந்த இனிமையைக் கேளாதவர்கள்.

இவர் இடக்கைப் பழக்கமுடையவர். இச்செய்தியைக் கேட்போர் சிறு குறிப்பாக எண்ணிக் கடந்துவிடுவர். ஆனால் இவருடைய வாழ்வில் இது பெரிது. அரங்கில் மிருதங்கக் கலைஞர் பாடகரின் வலப்புறம் அமர்வார். அப்போது அவருடைய வலந்தலை அவையை நோக்கியிருக்கும். இடக்கைக் கலைஞர் அதே இடத்தில் அமர்ந்தால் தொப்பி அவையை நோக்கிவிடும். ஆகவே அவர் மறுபுறம் அமர வேண்டும்; பிடில் கலைஞர் தம் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்க விரும்பாத பிடில் கலைஞர்கள் இருந்தனர். அதனாலேயே பழனியாருக்குத் தொடக்கத்தில் வாய்ப்புகள் தடைப்பட்டன. அக்காலத்தில் அவரை ஆதரித்து அரங்கேற்றியவர் யார்? மணி ஐயரைச் சென்னைக்கு அழைத்துவந்த அதே செம்பை வைத்தியநாத பாகவதர்தாம். இன்று இரு கட்சிகளாய்ப் பிரிந்து நிற்போர், தங்கள் தலைவர் இருவரையும் தூக்கிவிட்ட கை ஒன்றே என்பதை நினைப்பதில்லை. மணி ஐயர் மிருதங்கமும் பழனியார் கஞ்சிராவுமாக ஒரே மேடையில் அமர்ந்து வாசித்த கச்சேரிகளும் பல உண்டு. அடுத்த தலைமுறையில் காரைக்குடி மணி (1945–2023) இருவர் பாணியிலிருந்தும் பெற்றுத் தமக்கென ஒரு பாணியை வகுத்துக்கொண்டார். பழனியாரின் மாணவர் திருச்சி சங்கரன் 1971-இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்திற்குச் சென்று அக்கலையைக் கற்பித்தார். கலைஞர்கள் கூடி வாழ்ந்தனர். பகை வளர்த்தவர்கள் சுவைஞர்களே. அப்பகையின் அடியில் ஊர்ப்பற்றும் குலப்பற்றும் ஒளிந்து நின்றதும் உண்டு. நாதத்தைப் பற்றிப் பேசுவதுபோல் பிறப்பைப் பற்றிப் பேசுவது தமிழர்க்குப் புதிதன்று.

இருவருள் ஒருவரைச் சொல்லியே தீர வேண்டுமெனின், பாட்டுக்கு வாசிப்பது என்னும் அளவுகோலில் மணி ஐயரையே முதலில் வைக்க வேண்டும். நாதத் தூய்மையிலும் சொல் தெளிவிலும் பழனியார் அவருக்கு ஒரு படியும் குறைந்தவரல்லர். சிலருக்கு மேலானவராகவும் தோன்றலாம். ஆனால் பாட்டு தன்னையே மிருதங்கத்தில் கேட்டுக்கொள்வது போன்ற நிலை மணி ஐயரிடம் கைகூடியதுபோல் பிறரிடம் அத்துணை இயல்பாகக் கைகூடவில்லை. இம்முடிவும் கிடைத்த சான்றுகளைக் கொண்டே கூறப்படுவது. அந்தச் சான்றுகளோ ஓரவஞ்சனை உடையவை.

மான்பூண்டியா பிள்ளையின் மற்றொரு மாணவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை, மிருதங்கமும் கஞ்சிராவும் வாசித்தவர். இளைஞராயிருந்த மணி ஐயர் அவரோடு அமர்ந்து வாசித்து, அவரால் பெரிதும் கவரப்பட்டார். அவர் 1936-இல் மறைந்தார். அக்காலத்து 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேலான இசையே அடங்கும். தனி ஆவர்த்தனத்துக்கு அதில் இடமேது? மின்முறை ஒலிப்பதிவு வருவதற்கு முன்பு, குழாய்க்குள் பாடிப் பதிந்த தட்டுகளில் முழவின் ஓசை கேட்பதே அரிது. ஒலிநாடா பரவிய பின்னரே முழுக் கச்சேரிகள் நிலைபெற்றன. மணி ஐயரும் பழனியாரும் அந்த வாயிலைக் கடந்து வந்தவர்கள். தட்சிணாமூர்த்தி பிள்ளை அதற்கு இப்பாலேயே நின்றுவிட்டார். அவருடைய பெருமையைப் பெரும்பாலும் பிறர் சொல்லக் கேட்கவே இன்றுள்ளோர்க்கு வாய்த்திருக்கிறது. எல்லாக் காலத்திற்கும் முதல்வர் என்று தீர்ப்பளிப்போர், ஒலிநாடாவின் காலத்திற்கு முதல்வர் என்றே சொல்லத்தக்கவர்கள்.

இதனினும் பெரிய ஓரவஞ்சனை தவிலுக்கு இழைக்கப்பட்டது. முழவோருள் முதல்வர் யார் என்று கேட்டவுடன் மிருதங்கக் கலைஞர் பெயர்களே நாவில் வருகின்றன. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) என்று உடனே சொல்வோர் மிகச் சிலர். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுவரத்திற்குத் தவில் வாசித்தவர் அவர். நாகசுவரக் குழுவுக்குரிய தவில்காரரோடு, புகழ்பெற்ற ஒருவரைத் தனியே அழைத்து அமர்த்தும் 'ஸ்பெஷல் தவில்' என்னும் வழக்கத்தில் அவர் பெயர் ஓங்கி நின்றது. அவர் வருகின்றார் என்பதற்காகவே கூட்டம் கூடியது. துணைக்கருவி என்னும் சொல் அங்கே பொருளிழந்துவிடுகிறது. அவர் வழியில் வந்த நாச்சியார்கோயில் இராகவ பிள்ளையும், யாழ்ப்பாணத்தில் தோன்றித் தமிழகத்தையும் வியக்கவைத்து 1975-இல் நாற்பத்திரண்டு வயது நிறையுமுன் மறைந்த தட்சிணாமூர்த்தியும் அவ்வரிசையைச் சேர்ந்தவர்கள்.

தவிலின் தொழில் வேறு. மிருதங்கம் ஆலாபனையின்போது மௌனமாயிருக்கிறது. தவிலோ இராகத்திற்கு முன்னும் இடையிலும் முழங்கி அரங்கை ஆயத்தம் செய்கிறது. அரங்கு என்பதும் கூரையடியில் அமைந்ததன்று, கோயில் வீதி. நடந்துகொண்டும் நின்றுகொண்டும், ஒரு கையில் கழியும் மற்றொரு கையின் விரல்களில் கூடுகளும் கொண்டு, தொலைவில் வருவோருக்கும் கேட்குமாறு வாசிக்க வேண்டும். அந்த உரப்பிலும் சொற்கள் சிதையாமல் காப்பது எத்தகைய அருஞ்செயல் என்பதைத் தவிலை அருகிலிருந்து கேட்டவர் அறிவர். மென்மை இல்லை என்று தவிலைக் குறைகூறுவது, கடலில் குளத்தின் அமைதி இல்லை என்று குறைகூறுவதற்கு ஒப்பாகும்.

மிருதங்கத்தார் பெருமைப்படும் கணக்கே தவிலின் வீட்டிலிருந்து வந்தது என்பதையும் மறத்தலாகாது. மான்பூண்டியா பிள்ளைக்கு லயத்தைக் கற்பித்தவர் மாரியப்பத் தவில்காரர். புதுக்கோட்டை மரபின் ஊற்றுக்கண்ணில் ஒரு தவில் நிற்கிறது. அந்நீரைப் பருகியவர்களைப் போட்டியில் வைத்துவிட்டு ஊற்றை வெளியே நிறுத்துவது முறையாகுமா?

சபைகளின் பட்டங்கள் இவ்வரிசையை மேலும் உறுதிசெய்தன. சென்னை சங்கீத வித்வத் சபையின் சங்கீத கலாநிதிப் பட்டம் முழவுக் கலைஞர் ஒருவருக்கு முதன்முதல் வழங்கப்பட்டது 1966-இல். பெற்றவர் மணி ஐயர். அதற்கு முன்பு முழவு அப்பட்டத்திற்கு உரியதாகவே எண்ணப்படவில்லை. பழனியார் மறைந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தவில் கலைஞரான வலையப்பட்டி ஏ. ஆர். சுப்பிரமணியம் அப்பட்டத்தைப் பெற்றது 2009-இல். மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்து அப்போது அறுபது ஆண்டுகள்! கருவிகளை உத்தமம், மத்திமம் என்று வகுத்த பழைய உரையின் நிழல், பெயர்கள் மாறினும் நீங்கவில்லை போலும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளரும் தமிழ் மாணவர் செவியில் முதன்முதலில் விழும் முழவோசை, பெரும்பாலும் ஆலயத் திருவிழாவில் ஒலிக்கும் தவிலும் உறுமியுமே. மிருதங்கம் பின்னரே வருகிறது. எனினும் சிறந்த முழவுக் கலைஞரைப் பற்றிக் கட்டுரை வரைக என்றால், கேட்டறிந்த கருவியை விட்டுவிட்டு, நூலிற் படித்த மிருதங்கத்தையே அவர்கள் எழுதுவர். ஆசிரியர்கள் இங்கே சற்று நின்று, ஏன் என்று மாணவரைக் கேட்கலாம்.

இவ்வழக்கில் பெயரே எழாதவர்கள் இன்னும் உளர். தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் பயின்று, பெண்கள் மிருதங்கத்தைத் தொடுவதே அரிதாயிருந்த காலத்தில் அதனை மேடையில் வாசித்தவர் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள். எந்தக் கட்சியாரின் பட்டியலிலும் அவரைக் காண்பது அரிது. மற்றொரு சாரார், மேடையேறாமலேயே மிருதங்கத்தின் நாதத்தை ஆக்கியவர்கள். பலாக்கட்டையைக் குடைந்து, தோலைத் தேர்ந்து வார் இழுத்துக் கட்டி, வலந்தலையின் கருஞ்சோற்றைப் படிப்படியாகத் தேய்த்து ஏற்றியவர்கள் அவர்கள். தோலைத் தொடும் தொழிலாகையால் அவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலங்களிலிருந்து வந்தனர். அவர்களுடைய வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூலாக 2020-இல் வெளியிட்டார். தாம் விரும்பிய நாதம் கிடைக்கும்வரை மணி ஐயர் இத்தகைய கைவினைஞருடன் அமர்ந்து மீண்டும் மீண்டும் கருவியைத் திருத்துவித்தார். மணி ஐயரின் நாதம் என்று போற்றப்படுவதில் விரலுக்கு உரியது எவ்வளவு, தோலைத் தேர்ந்த கைக்கு உரியது எவ்வளவு என்று வழக்காடுவோர் கேட்பதில்லை.